போர் தண்ணீர், லாரித் தண்ணீர், கேன் தண்ணீர்: நாய்க்கும் பூனைக்கும் எதை வைப்பது?

நாவலூர் பிரபு:

எல்லோருக்கும் வணக்கம். பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர் பக்கம் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறோம். இங்கே போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரும் டேங்கர் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் (தரைக்கு அடியில் இருக்கும் தொட்டி) விழுந்து கலந்துதான் மேல் தொட்டிக்கு ஏறும். நாங்கள் குடிப்பது 20 லிட்டர் கேன். வீட்டில் மணி இருக்கிறான், நாட்டு நாய், 6 வயது, 18 கிலோ. அப்புறம் சோமு, ஆண் பூனை, 3 வயது, 4 கிலோ. இரண்டு பேருக்கும் இதுவரை குழாய்த் தண்ணீரைத்தான் வைத்து வந்தோம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து போரில் தண்ணீர் குறைந்துவிட்டதால் லாரி அதிகம் வருகிறது. சில நாள் தண்ணீர் லேசாகக் கலங்கி வருகிறது. இந்த இடைவெளியில் மணிக்கு வயிறு கெட்டுச் சரியாகி, மறுபடியும் கெட்டது. அவனுடைய பிளாஸ்டிக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறான், நேரே குளியலறைக்குப் போய் வாளியில் வாய் வைக்கிறான். சோமு கிண்ணத்தின் பக்கமே வருவதில்லை. சமையலறைக் குழாயில் சொட்டுவதை நக்கிக்கொண்டு நிற்பான்.

டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற கருவி) வாங்கிப் பார்த்தேன். குழாய்த் தண்ணீர் 1,850 காட்டியது, கேன் தண்ணீர் 40. இதில் எதை வைப்பது? கொதிக்கவைத்துக் கொடுத்தால் போதுமா? செம்புக் குடத்தில் ராத்திரி ஊற்றிவைத்துக் காலையில் கொடு என்கிறார் அம்மா. தெருநாய் சாக்கடைத் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றாகத்தானே திரிகிறது என்கிறார் மாமனார். உப்புத் தண்ணீரால் ஆண் பூனைக்குக் கல் வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். கேன் தண்ணீரில் சத்தே இல்லை என்றும் சொல்கிறார்கள். செலவு பெரிய விஷயமில்லை. சரியாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ரேவதி, கீழ்க்கட்டளை:

பிரபு, பூனை விஷயம் மட்டும் நான் சொல்கிறேன். எங்கள் பட்டுவுக்கு (அவனும் ஆண்தான்) போன வருடம் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மண் தட்டில் (சிறுநீர், மலம் கழிக்க மண் போட்டு வைத்த தட்டு) போய்ப் போய் உட்கார்ந்தான், முக்கினான், கத்தினான், ஒரு சொட்டு வரவில்லை. மலச்சிக்கலாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். நான் கேட்கவில்லை, அன்று ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடினேன். டியூப் போட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார் டாக்டர். ஆண் பூனை வைத்திருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்: முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தண்ணீரில் இருக்கும் உப்புதான் காரணமா என்று நானும் கேட்டேன். சாப்பாடும், பூனை எவ்வளவு குறைவாகத் தண்ணீர் குடிக்கிறது என்பதும்தான் பெரிய காரணங்கள் என்றார். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகிறது, அதில் படிகம் சேர்கிறது. அப்போதிலிருந்து பட்டுவுக்கு உலர் தீனியைக் குறைத்துவிட்டேன். மீனை உப்பும் வெங்காயமும் போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்து வைக்கிறேன். கிண்ணத்தையும் மாற்றினேன். அகலமான தட்டு, விளிம்பு வரை தண்ணீர், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மண் தட்டிலிருந்தும் தள்ளி வைத்திருக்கிறேன். ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும் என்று சில பூனைகள் அடம்பிடிக்கும். உங்கள் சோமு அந்த ரகம். சின்ன நீரூற்று மோட்டார் கிடைக்கிறது, வாங்கி வைத்துப் பாருங்கள். வாங்கினால் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

---

அம்சா (முன்னாள் நீர்ப் பரிசோதனைக் கூடம்):

பிரபு தம்பி, நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரும்பகுதி தர்மபுரியில் கழிந்தது. இப்போது பள்ளிக்கரணையில் மகள் வீட்டில் இருக்கிறேன், கூடவே ஒரு சிப்பிப்பாறை நாயும் ஒரு லேப்ரடார் நாயும். உங்கள் ஊர்த் தண்ணீர்தான் எங்கள் வீட்டிலும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது கிண்ணம். மணி கிண்ணத்தை விட்டுவிட்டு வாளிக்குப் போகிறான் என்கிறீர்கள். இரண்டிலும் ஒரே சம்ப் தண்ணீர்தானே? உப்பு பிடிக்கவில்லை என்றால் வாளியையும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். கிண்ணத்தின் உள்பக்கம் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது கிருமிகள் சேர்ந்து கட்டிய படலம். எச்சிலும் தீனித் துகளும் பட்டு ஒரே நாளில் அது உருவாகத் தொடங்கும், மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்துவிட்டால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்குங்கள். தினமும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் நாரும் போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, துடைத்துவிட்டு ஊற்றுங்கள். மண்சட்டி வைப்பவர்கள் உண்டு, தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், நாய்க்கும் பிடிக்கும். ஆனால் அதன் நுண்துளைகளில் பாசி தங்கும். அடிக்கடி தேய்த்து வெயிலில் காயவைக்க முடிந்தால் மட்டும் வையுங்கள். வாசலில் தெருநாய்களுக்குத் தண்ணீர் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டெங்கு கொசு முட்டையிடுவது இந்த மாதிரிச் சட்டிகளில்தான். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது.

குளியலறை வாளிக்கு வருகிறேன். பினாயில் ஊற்றித் தரை துடைக்கிற வீடு என்றால் அந்த வாளியை இரண்டு பேருக்கும் எட்டாமல் வையுங்கள். பினாயிலில் இருக்கிற ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாக வெளியேற்ற முடியாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே அதற்கு ஆபத்து. ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுத்தமானது என்று நினைத்துச் செல்லங்களுக்குப் பிடித்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூஞ்சையும் தூசியும் படிந்த தகட்டைக் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர். செடிக்கு ஊற்றுங்கள்.

இப்போது 1,850. அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பின் அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. 150 காட்டுகிற இனிப்பான தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கலாம். 1,500 காட்டுகிற தண்ணீரில் ஒரு கிருமிகூட இல்லாமல் இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) மனிதருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. கால்நடைகளுக்கு 3,000 வரை பொதுவாகச் சிக்கலில்லை என்பார்கள். ஆகவே சிறுநீரகமும் இதயமும் நன்றாக இருக்கிற நாயை 1,850 உடனே சாய்த்துவிடாது. வேறு இரண்டு தொல்லைகள் உண்டு. சுவை பிடிக்காமல் குறைவாகக் குடிக்கும். அப்புறம், சல்ஃபேட்டும் மெக்னீசியமும் அதிகமாக இருக்கிற தண்ணீருக்குத் திடீரென்று மாறினால் வயிறு இளகும். உங்களுக்கு லாரி மாற மாற எடுக்கிற கிணறும் மாறுகிறது, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர்த் தண்ணீர் வருகிறது. மணியின் வயிற்றுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம், கிருமியும் காரணமாக இருக்கலாம். சோதிக்காமல் சொல்ல முடியாது.

கொதிக்கவைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். குளோரினுக்கு அவ்வளவாக மசியாத ஜியார்டியா என்கிற வயிற்றுப்போக்குக் கிருமியும் சாகும். உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு விஷயத்தில் கொதிக்கவைப்பதை நம்பாதீர்கள். தண்ணீர் ஆவியாகப் போகும், கரைந்தது போகாது, மிஞ்சிய தண்ணீரில் அதன் அளவு கூடும். தர்மபுரியில் நான் வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம் இது. அங்கே பாறையிலிருந்தே ஃபுளோரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. மனிதருக்கான வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே ஏராளம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை விழும். பென்னாகரம் பக்கம் மாட்டின் வாயைத் திறந்தால் அங்கேயும் அதே பட்டை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்து காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வந்த பிறகும், மனிதர் குடிக்க அது, மாட்டுக்கும் நாய்க்கும் பழைய போர் என்று வைத்திருந்த வீடுகள் உண்டு. பல் முளைக்கிற பருவத்துக் குட்டிக்கு அந்தப் போர் தண்ணீரைக் கொடுத்தால் அதன் பல்லும் எலும்பும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைப் படித்தால், நீங்கள் குடிக்கிற தண்ணீரிலேயே ஒரு சொம்பை அதுகளுக்கும் ஊற்றுங்கள். நாய் கேட்பது ஒரு லிட்டர்தான்.

செம்புக் குடம் வேண்டாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். செம்பு சில கிருமிகளைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் சில நாய் இனங்களின் கல்லீரலில் செம்பு சேர்ந்து நோயாக மாறுகிறது. லேப்ரடார் அதில் ஒன்று. உங்கள் மணிக்கு அந்தச் சிக்கல் இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் தினசரி கொடுக்க ஒரு காரணமும் இல்லை. தேத்தாங்கொட்டை தேய்ப்பதும் படிகாரம் போடுவதும் கலங்கலை அடியில் படியவைக்கும், நல்ல பழக்கம்தான். ஆனால் தெளிந்த தண்ணீர் என்பதாலேயே கிருமியில்லாத தண்ணீர் ஆகிவிடாது.

கேன் தண்ணீரில் சத்தில்லை என்பதற்காக அதைத் தள்ளாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் சாப்பாட்டிலிருந்துதான் பெரும்பாலும் கிடைக்கிறது. சமமான சாப்பாடு போட்டால் 40 டி.டி.எஸ். தண்ணீரால் குறை வராது. கேனை வெயிலில் வைத்து விற்கிறார்களா, மூடி முத்திரையோடு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கேனைக் கவிழ்த்து வைக்கிற குழாய்ச் சாதனத்தையும் கழுவுங்கள், அங்கேயும் அதே வழவழப்பு படியும். மணிக்கும் சோமுவுக்கும் இப்போதைக்குக் கேன் தண்ணீரே வையுங்கள். திடீரென்று மாற்றாமல் நாலைந்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அந்த நாள்களில் கலக்கிற குழாய்த் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

உங்கள் மாமனாரிடம் நான் சண்டைக்கு வரவில்லை. தெருவில் நம் கண்ணில் படுவது பிழைத்த நாய்கள். வயிற்றுப்போக்கில் செத்த குட்டிகளை யாரும் எண்ணுவதில்லை.

முதலில் சோதனை செய்யுங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தண்ணீர் பார்ப்பார்கள். மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்ப்பார்கள். ரசாயனத்துக்குச் சுத்தமான பாட்டில் போதும். கிருமிக்குப் பரிசோதனைக் கூடத்திலேயே நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குழாயைத் துடைத்து, சில நிமிடம் திறந்துவிட்டு, மூடியின் உள்பக்கமோ பாட்டிலின் வாயோ விரல் படாமல் பிடியுங்கள். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சம்ப்பில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று, இரண்டும் வேண்டும். கெடுவது எந்த இடத்தில் என்று அப்போதுதான் தெரியும்.

---

மதுரை கால்நடை மருத்துவர்:

அம்சா அம்மா சொன்னதோடு நான் சேர்க்க நினைப்பது இரண்டு.

பிரபு, மணி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான் என்று அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தைக் கழித்தால் போதும். வாளியை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். நாய்க்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மி.லி. என்று கணக்கு, 18 கிலோவுக்கு ஒரு லிட்டர் ஒட்டி வரும். குழைந்த சோறும் குழம்புமாகச் சாப்பிட்டால் குறையும், வெயிலிலும் ஓட்டத்திலும் கூடும். கிலோவுக்கு 100 மி.லி.யைத் தாண்டித் தினமும் குடித்தால், அதாவது உங்கள் மணி ஒரு நாளைக்கு 1.8 லிட்டருக்கு மேல் குடித்தால், தண்ணீரின் தரத்தை விட்டுவிட்டு நாயைக் கொண்டுவாருங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், பெண் நாயாக இருந்தால் கருப்பையில் சீழ் என்று பல காரணங்கள் இருக்கும். வெயில் காலம், அதனால் குடிக்கிறது என்று விட்டுவிட்டு முற்றிய பிறகு வருகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

இரண்டாவது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரில் வருகிறது. தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் உயிரோடு இருக்கும், நாயின் வாய் வழியாகவும் காலில் இருக்கும் சின்னக் காயம் வழியாகவும் உள்ளே போகும். வடகிழக்குப் பருவமழை வந்தால் உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்காத வருடம் உண்டா? காய்ச்சல், வாந்தி, கண் மஞ்சள், சிறுநீர் கறுத்தோ குறைந்தோ போவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே வாருங்கள். இது மனிதருக்கும் தொற்றும். அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். தடுப்பூசி இருக்கிறது. முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடா வருடம். வெறிநோய்க்கான ஊசி மட்டும் போட்டுவிட்டு எல்லாம் போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் அதிகம். மணியின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள்.

கோவளம் கடற்கரைக்கு அவனைக் கூட்டிப்போகிற பழக்கம் இருந்தால் கையோடு நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள். விளையாடிக் களைத்த நாய் கடல்நீரைக் குடிக்கும். கொஞ்சம் குடித்தால் வயிற்றுப்போக்கு. நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும்.

---

நாவலூர் பிரபு:

எல்லோருக்கும் நன்றி. ரேவதி அக்கா சொன்ன மாதிரி அகலத் தட்டு வைத்ததும் சோமு குடிக்கத் தொடங்கினான், குழாயையும் விடவில்லை. மணிக்கு எவர்சில்வர் கிண்ணம், கேன் தண்ணீர். அளந்து பார்த்தேன், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. எலிக்காய்ச்சல் ஊசி போன வருடத்தோடு காலாவதி ஆகியிருந்தது, போட ஏற்பாடு செய்துவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்தது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் குளோரைடு 710, மொத்தக் கடினத்தன்மை 560, நைட்ரேட் 30, ஃபுளோரைடு 0.6. ஈ.கோலி என்கிற கிருமி சம்ப்பிலும் இருக்கிறது, குழாயிலும் இருக்கிறது. சம்ப் மூடியில் இரண்டு விரல் இடைவெளி இருப்பதைக் காவலாளி காட்டினார். அடுக்ககச் சங்கத்தில் சொன்னேன், பிளீச்சிங் பவுடர் போட்டுவிடலாம் என்கிறார்கள். எவ்வளவு போடுவது? செல்லங்களுக்கு அது ஆகுமா?

---

அம்சா (முன்னாள் நீர்ப் பரிசோதனைக் கூடம்):

தம்பி, ரசாயனம் மோசமில்லை. குளோரைடும் கடினத்தன்மையும் கடலோரத்து உப்பு, சுவைக்குத்தான் கெடுதல். நைட்ரேட் வரம்பான 45க்குள் இருக்கிறது, ஃபுளோரைடு பயமில்லை. ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது இருந்தால் மலம் எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். செல்லங்களுக்கு மட்டும் கேன் ஊற்றிவிட்டு இதை விட்டுவிடாதீர்கள். அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் உங்கள் வீட்டில் காய்கறி கழுவுகிறீர்கள், பல் துலக்குகிறீர்கள்.

பிளீச்சிங் பவுடருக்கு முன்னால் சம்ப்பைக் காலி செய்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். சேறு கிடக்கிற தொட்டியில் போட்ட குளோரினைச் சேறே தின்றுவிடும். மூடிக்கு ரப்பர் வைத்து இடைவெளியை அடையுங்கள், எலியும் பல்லியும் அதன் வழியாகத்தான் இறங்கும். கழிவுநீர்த் தொட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, சம்ப் சுவரில் கசிவு இருக்கிறதா என்றும் காலியாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மேல் தொட்டிக்கும் இதே வேலை.

அப்புறம் தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். பழைய மூட்டையில் வீரியம் போயிருக்கும், புதிதாக வாங்குங்கள். வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேல் தெளிவை மட்டும் சம்ப்பில் ஊற்றி, ஒரு மணி நேரம் விடுங்கள். குழாய் முனையில் குளோரோஸ்கோப் (தண்ணீரில் மிஞ்சிய குளோரினை அளக்கிற சின்னக் கருவி) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும். லாரி வருகிற ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், காவலாளிக்கே கற்றுக்கொடுத்துவிடலாம். நாம் குடிக்கத் தகுந்த அளவு குளோரின் நாய், பூனையை ஒன்றும் செய்யாது. வாடை பிடிக்கவில்லை என்றால் அகன்ற பாத்திரத்தில் ராத்திரி திறந்துவைத்தால் பெரும்பகுதி போய்விடும். மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கு மட்டும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள். மீனுக்கு அந்தக் குளோரினே விஷம், அவர்கள் சோடியம் தயோசல்ஃபேட் சொட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் போனதும் கிருமிக்கு மட்டும் மறுபடி மாதிரி எடுங்கள். குளோரின் போட்ட தண்ணீர் என்று சொல்லி பாட்டில் கேளுங்கள், அதில் குளோரினை முறிக்கிற மருந்து போட்டுத் தருவார்கள். முடிவு வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.